எம்.எஸ்சி நர்சிங் தீசிஸுக்குத் தலைப்பு எங்கே கிடைக்கும்?

ஒரு தங்கை கேட்டிருந்தார்: "சென்னையில் எம்.எஸ்சி நர்சிங் முதல் வருடம் படிக்கிறேன். அதற்கு முன்னால் மூன்று வருடம் மெடிக்கல் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். இப்போது தலைப்பு கொடு என்கிறார்கள். சீனியர்கள் செய்த தீசிஸ் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கிறது. நர்ஸ் செய்யும் ஆராய்ச்சியால் நோயாளிக்கு உண்மையிலேயே ஏதாவது மாறுமா? இல்லை, டிகிரிக்காகச் செய்யும் சடங்குதானா?"

மாறும், தங்கச்சி. ஆனால் அது நீங்கள் எந்தக் கேள்வியைக் கையில் எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நான் பதினான்கு வருடம் வார்டில் இருந்தேன். அப்புறம் கல்லூரியில் டியூட்டர், இப்போது தீசிஸுக்கு வழிகாட்டும் கைடு. என் வழியாகப் போன சில தீசிஸ்களை நினைத்தால் இன்றும் சந்தோஷம். பலவற்றை நினைத்தால் மனசு கனக்கிறது. அறுபது நோயாளிகளின் நேரத்தை வாங்கிக்கொண்டு, அவர்களுக்கு எதையும் திருப்பிக் கொடுக்காமல், பைண்டிங் போட்டு அலமாரியில் வைத்துவிட்டோம்.

அந்த வழக்கமான அச்சை முதலில் பார்த்துவிடலாம். "இன்ன நோயைப் பற்றிய அறிவை வளர்ப்பதில் திட்டமிட்ட கற்பித்தலின் பலன், சென்னையில் தேர்ந்தெடுக்கப்பட்ட மருத்துவமனையில்" என்று தலைப்பு ஆரம்பிக்கும். அறுபது பேர், முப்பது கேள்வி. ஃபிளிப் சார்ட் வைத்து நாற்பது நிமிடம் பாடம். ஏழாம் நாள் அதே கேள்வித்தாள். மார்க் ஏறியிருக்கும். தற்செயலாக வந்த முடிவா என்று காட்டும் பி மதிப்பு 0.001-க்குக் கீழே இருக்கும். கற்பித்தல் பலன் தந்தது என்று எழுதி முடித்துவிடுவோம். கேள்வியையும் விடையையும் நாமே சொல்லிக்கொடுத்து, ஒரு வாரத்தில் அதையே திருப்பிக் கேட்டால் யாருக்குத்தான் மார்க் ஏறாது? சர்க்கரை நோயாளி ஒருவர் கால் பராமரிப்பில் முப்பதுக்கு இருபத்தாறு வாங்கிவிட்டார், சரி. அவர் வீட்டுக்குப் போய் ராத்திரி படுக்கும் முன் பாதத்தைத் திருப்பிப் பார்த்தாரா, விரல் இடுக்கை ஈரமில்லாமல் துடைத்தாரா, வீட்டுக்குள் செருப்புப் போட்டாரா, ஆறு மாதத்தில் புண் வந்ததா? இது எதுவும் அந்தத் தாளில் இருக்காது. நோயாளியை நாம் அளக்கவில்லை, நம் பாடத்தைத்தான் அளந்தோம்.

என்னை இந்தப் பக்கம் திருப்பியது ஒரு சார்ட். பேர் சொல்ல விரும்பாத ஒரு பெரிய ஆஸ்பத்திரி. நைட் டியூட்டி முடியப்போகிற நேரம். ஸ்ட்ரோக் வந்து ஒரு பக்கம் விழுந்துபோன பாட்டிக்கு ஆயாம்மாவும் நானும் ஸ்பாஞ்ச் பாத் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஒருக்களித்துத் திருப்பினோம். முதுகெலும்பு முடிகிற இடத்தில், ஐந்து ரூபாய் நாணய அகலத்துக்கு, தோல் சுற்றியுள்ளதைவிடக் கொஞ்சம் கருத்து, மினுமினுவென்று இருந்தது. புறங்கையை வைத்தேன். பக்கத்துத் தோலைவிடச் சூடு. விரலால் அழுத்தினால் கெட்டியாக இருந்தது. படுக்கைப் புண்ணின் முதல் கட்டம். கேஸ் ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். 'பொசிஷன் மாற்றப்பட்டது' என்ற கட்டங்களில் இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு, ஆறு என்று ஐந்து டிக். ஐந்தும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே மூச்சில் போட்டவை. போட்டது நான்தான்.

அன்று முப்பத்து நான்கு படுக்கைக்கு இரண்டு பேர் இருந்தோம். இரண்டு மணிக்கு ரத்த வாந்தியோடு ஒரு அட்மிஷன், நாலு மணிக்கு இன்னொரு படுக்கையில் சி.பி.ஆர். பாட்டியைப் பத்து மணிக்குத் திருப்பியது நிஜம். அதற்கப்புறம் ஆறு மணி வரைக்கும் திருப்பவில்லை. பாட்டியின் மருமகள் ராத்திரி பூரா கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருந்தார். "என்னைக் கூப்பிட்டிருந்தா நானும் ஒரு கை பிடிச்சிருப்பேனே சிஸ்டர்" என்றார். கோபப்பட்டுச் சொல்லவில்லை, அதனாலேயே எனக்கு அது மறக்கவில்லை.

அந்த ஒரு காலையில் எத்தனை கேள்விகள் இருக்கின்றன என்று பாருங்கள். நம் வார்டுச் சார்ட்டில் இருக்கும் டிக்குகளில் எத்தனை நிஜம்? சொல்லிக்கொடுத்தால் கூட இருக்கும் உறவினர் பாதுகாப்பாகத் திருப்ப முடியுமா? சிவப்பு என்று புத்தகம் சொல்லும் முதல் அறிகுறி நம் தோலில் எப்படித் தெரிகிறது? கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதிய வர்ணனையை மனப்பாடம் செய்துகொண்டு, மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பைத் தேடிக்கொண்டிருந்தால் முதல் கட்டத்தைக் கோட்டைவிட்டு, தோல் உரிந்த பிறகுதான் கண்டுபிடிப்போம். சூடு, கெட்டி, வலி, பக்கத்துத் தோலோடு நிற வித்தியாசம், இந்த நான்கையும் கையால் தொட்டுத் தினமும் பதிந்தால் எத்தனை புண்ணை முன்கூட்டியே பிடிக்கலாம் என்பதை ஒரு எம்.எஸ்சி மாணவி தாராளமாக ஆராயலாம்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பு என்கிறோமே, அது எங்கிருந்து வந்தது என்று வகுப்பில் கேட்டால் பெரும்பாலும் யாருக்கும் தெரிவதில்லை. 1962-இல் இங்கிலாந்தில் டோரீன் நார்ட்டன் என்ற நர்ஸ், கூட இருந்தவர்களோடு சேர்ந்து முதியோர் வார்டுகளில் செய்த ஆய்வு இதற்கு ஒரு பெரிய அடித்தளம். யாருக்குப் புண் வரும் என்று முன்பே கணிக்கும் நார்ட்டன் அளவுகோலும் அதிலிருந்து வந்ததுதான். அதற்கப்புறம் 1987-இல் பார்பரா பிரேடனும் நான்சி பெர்க்ஸ்ட்ராமும் இன்னொரு அளவுகோல் தந்தார்கள். இன்று நீங்கள் அட்மிஷன் ஷீட்டில் நிரப்பும் பிரேடன் ஸ்கோர் அதுதான். 6-லிருந்து 23 வரை, குறையக் குறைய ஆபத்து. அதே பெர்க்ஸ்ட்ராம் 2013-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவாரஸ்யம். அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள முதியோர் இல்லங்களில் 900-க்கு மேற்பட்டவர்களைப் பிரித்து, சிலரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, சிலரை மூன்று, சிலரை நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று மூன்று வாரம் திருப்பிப் பார்த்தார்கள். புண் வருவதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனால் அவர்கள் எல்லோரும் அடர்த்தியான நுரை மெத்தையில் படுத்திருந்தார்கள்.

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் நம் வேலை இருக்கிறது. நம் வார்டு மெத்தை என்ன? ரெக்ஸின் உறை போட்ட, நடுவில் குழி விழுந்த மெத்தை. மே மாதம் ஃபேன் ஓடினாலும் முதுகு நனைந்து ரெக்ஸினோடு ஒட்டிக்கொள்ளும். அங்கே வந்த முடிவை அப்படியே எடுத்துக்கொண்டு நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பினால் போதும் என்று சொல்லிவிட முடியாது. தனியார் ஆஸ்பத்திரியில் ஆல்ஃபா பெட் என்ற காற்று மெத்தை போட்ட ஐசியூவுக்கு அது ஓரளவு பொருந்தலாம். எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதை நம் ஊர் வெயிலில், நம் மெத்தையில் யாராவது பார்த்துச் சொன்னால்தான் உண்டு. பாஸ்டனில் இருப்பவர் வந்து இதைச் செய்யமாட்டார்.

மருந்து ஏற்றக் கை நரம்பில் போட்டுவைக்கும் சின்னக் குழாயான வென்ஃப்ளான் விஷயமும் இப்படித்தான். மூன்று நாளுக்கு ஒரு தடவை மாற்றிவிடு என்று நாம் படித்தோம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த நர்ஸ் ஆராய்ச்சியாளர் கிளேர் ரிக்கார்டும் அவர் குழுவும் 3,283 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வை 2012-இல் லான்செட் இதழ் வெளியிட்டது. ஒரு பாதிப் பேருக்கு வழக்கப்படி மூன்றாம் நாள் மாற்றினார்கள். மறு பாதிக்கு வலி, வீக்கம், அடைப்பு என்று காரணம் வந்தால்தான் மாற்றினார்கள். நரம்பு வீங்குவது இரண்டு பக்கத்திலும் 7 சதவீதம்தான். அப்படியானால் காரணமில்லாமல் குத்திய ஒவ்வொரு ஊசியும் வீண் வலி. கீமோ எடுக்கும் நோயாளியிடம் கேட்டுப் பாருங்கள், ஒரு நல்ல நரம்பு கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்வார். ஒரு நர்ஸ் கேட்ட கேள்வி, நர்ஸ் கையால் செய்யும் வேலை, பலன் நேராக நோயாளியின் கையில்.

ஆனால் இதையும் நம் வார்டுக்குக் கொண்டுவரும்போது ஒரு நிபந்தனை உண்டு. காரணம் வந்தால் மாற்றலாம் என்றால், காரணம் வந்ததை ஒவ்வொரு ஷிப்ட்டிலும் யாராவது பார்க்க வேண்டும். பார்க்க ஆளில்லாத வார்டில் மூன்றாம் நாள் விதி ஒரு பாதுகாப்பு. அப்புறம் வேர்வை. ஏ.சி. இல்லாத வார்டில் ஒட்டும் டிரெஸ்ஸிங்கின் ஓரம் மத்தியானத்துக்குள் சுருண்டுவிடும். அதன் மேல் ஒரு மைக்ரோபோர் டேப், அதன் மேல் இன்னொன்று, கடைசியில் ஊசி போன இடமே கண்ணுக்குத் தெரியாது. என் மாணவி ஒருவர் வேறு எதுவும் செய்யவில்லை. தினமும் காலையில் ஒரு ரவுண்டு போய், ஒவ்வொரு வென்ஃப்ளானிலும் மூன்று விஷயம் மட்டும் பார்த்தார். போட்ட தேதி எழுதியிருக்கிறதா, ஊசி போன இடம் தெரிகிறதா, டிரெஸ்ஸிங் ஓரம் நான்கும் ஒட்டியிருக்கிறதா. ஒரே வாரத்தில் வார்டு சிஸ்டரே அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். மணிக்கட்டு மடங்கும் இடத்தில் போட்டவைதான் சீக்கிரம் கெடுகின்றன என்பது அதில் பளிச்சென்று தெரிந்தது. டியூட்டி டாக்டர்களும் அப்புறம் முன்கையில் இடம் தேட ஆரம்பித்தார்கள்.

எண்ணுவது என்பது சின்ன வேலை மாதிரித் தோன்றும். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் செய்தது அதைத்தான். விளக்கைப் பிடித்துக்கொண்டு நடந்ததை மட்டும் நமக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். கிரிமியப் போரில் செத்த வீரர்களில் எத்தனை பேர் காயத்தால், எத்தனை பேர் தடுத்திருக்கக்கூடிய தொற்றால் என்று எண்ணி, வட்ட வரைபடமாகப் போட்டு, அரசாங்கத்தின் முன் வைத்தார். இந்தியாவுக்கு ஒரு நாளும் வராமலேயே, இங்கிருந்த ராணுவ முகாம்களின் தண்ணீர், சாக்கடை பற்றிய விவரங்களை வரவழைத்து ஆராய்ந்தார். சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் ஜி.எச்-இல் 1871-இல் நர்சிங் பயிற்சி தொடங்கியது என்று படித்திருப்பீர்கள். அந்த வழியில் வந்தவர்கள் நாம். எண்ணுவது நமக்கு வந்த சொத்து.

அதனால் தலைப்புக்கு முன்னால் இரண்டு வாரம் எண்ணுங்கள். எண்ணும்போது கீழ்த்தொகையை மறக்காதீர்கள். ஐந்து பேருக்கு நரம்பு வீங்கியது என்றால் ஒன்றும் புரியாது. எத்தனை வென்ஃப்ளான், மொத்தம் எத்தனை நாள் கையில் இருந்தது, அதில் ஐந்து என்றால்தான் பக்கத்து வார்டோடும் அடுத்த மாதத்தோடும் ஒப்பிட முடியும்.

இனி மொழி. இதை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தமிழில் நோயாளியோடு பேசும் நமக்கு மட்டுமே தெரிந்த விஷயம் இது. வெளிநாட்டு அளவுகோல் ஒன்றை எடுத்து, ஒருவரைத் தமிழாக்கச் சொல்லி, இன்னொருவரைத் திருப்பி ஆங்கிலமாக்கச் சொல்லி, பொருந்துகிறது என்று சான்றிதழ் வாங்கி இணைத்துவிடுகிறோம். நோயாளிக்குப் புரிகிறதா என்று பார்ப்பதே இல்லை. வலியைப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள் என்று வண்ணாரப்பேட்டையிலிருந்து வந்த ஒரு பெரியவரிடம் கேட்டுப் பாருங்கள். "வலிக்குதும்மா, அதுக்கு எதுக்கு மார்க்கு?" என்பார். அவரிடமே "நேத்து ரூபாய்க்கு ரூபாய் வலி இருந்துச்சுன்னா இன்னைக்கு எவ்வளவு இருக்கு?" என்று கேளுங்கள். "எட்டணா குறைஞ்சிருக்கு" என்று டக்கென்று சொல்வார். பாட்டிமார்கள் முக்கால்வாசி, அரைவாசி, கால்வாசி என்பார்கள். அணா புழக்கத்தில் இல்லை, ஆனால் அந்தக் கணக்கு அவர்கள் வாயில் உயிரோடு இருக்கிறது. பத்துக்குள் எண் சொல்லத் தடுமாறுகிறவர்களுக்கு இந்த அளவு ஒத்துவருமா, இரண்டு நர்ஸ்கள் தனித்தனியாகக் கேட்டால் ஒரே பதில் வருமா, மருந்து கொடுத்து ஒரு மணி நேரம் கழித்துக் கேட்டால் மாற்றத்தைக் காட்டுமா? இதைச் சரியாகச் செய்தால் தமிழ்நாட்டின் ஒவ்வொரு சர்ஜிகல் வார்டுக்கும் பயன்படும்.

வலியின் வகையும் அப்படித்தான். குத்துகிறது, சுருக்கென்கிறது, எரிகிறது, விண்விண் என்று தெறிக்கிறது, குடைகிறது, இழுத்துப்பிடிக்கிறது, மரத்துப்போகிறது. ரொனால்ட் மெல்சாக் 1975-இல் ஆங்கிலச் சொற்களைச் சேகரித்து வலிக்கான வினாநிரல் தயாரித்தார். நம் நோயாளிகள் சொல்லும் சொற்களை அவர்கள் வாயாலேயே சேகரித்து அடுக்கினால், அது மொழிபெயர்ப்பாக இருக்காது, நம் கருவியாக இருக்கும். நெஞ்சுவலியோடு வரும் பெண்கள் பலர் 'வலி' என்ற சொல்லையே சொல்வதில்லை. "ஒரு மாதிரி அடைக்குது", "வாயுப் பிடிப்பு" என்பார்கள். எமர்ஜென்சி வாசலில் நிற்கும் நர்ஸுக்கு அந்தச் சொல்லின் எடை தெரிந்திருந்தால் ஈ.சி.ஜி. சீக்கிரம் எடுக்கப்படும்.

ஆராய்ச்சி என்றால் வெளிநாட்டில்தான் நடக்கும் என்ற எண்ணம் இருந்தால், சேத்துப்பட்டுப் பக்கம் போகும்போது காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தை ஒரு தடவை நின்று பாருங்கள். 1956-இல் அங்கே ஆரம்பித்த வேலை உலகத்தின் காசநோய் சிகிச்சையையே மாற்றியது. அந்தக் காலத்தில் டி.பி. என்றால் சானடோரியம், நல்ல சாப்பாடு, படுக்கை ஓய்வு. படுக்கையோ போதாது. 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியைச் சானடோரியத்திலும், மற்றவர்களை மதராஸின் நெரிசலான ஏழை வீடுகளிலேயேயும் வைத்து, ஒரே மருந்தை ஒரு வருடம் கொடுத்தார்கள். 1959-இல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்கள் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார்கள். அவர்களோடு ஒரே அறையில் இருந்த குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்பதும் பின்தொடர்ந்து பார்த்ததில் தெரிந்தது.

இந்தக் கதையில் டாக்டர்கள் பெயர் நிற்கும். எனக்கு அதில் தெரிவது, வீடு வீடாகப் போனவர்கள். முன்னறிவிப்பில்லாமல் போய் மாத்திரையை எண்ணி, சிறுநீர் பரிசோதனைக்கு வாங்கி, ஏன் சாப்பிடவில்லை என்று திண்ணையில் உட்கார்ந்து பேசியவர்கள். மருந்து எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது, வயிற்றுக்குள் போகிறதா என்று பார்க்க வேண்டும் என்ற பாடம் அங்கேதான் கெட்டிப்பட்டது. அது நர்சிங் பாடம். இன்று மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிபி மாத்திரை வீட்டுக்கே போகிறது. மாத்திரை டப்பாவைத் திறந்து எண்ணிப் பார்த்து, மிச்சமிருந்தால் காரணம் கேட்டு எழுதுகிற ஒரு கம்யூனிட்டி நர்சிங் மாணவி அதே வேலையைத்தான் தொடர்கிறார்.

குழந்தைகள் வார்டில் விருப்பம் இருந்தால் கங்காரு பராமரிப்பைப் பாருங்கள். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல் எட்கர் ரே என்ற டாக்டர் ஆரம்பித்தது. எடை குறைந்த குழந்தையைத் தாயின் மார்போடு தோல் படக் கட்டிவைப்பது. 2021-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஒருங்கிணைப்பில், இந்தியா உட்பட ஐந்து நாட்டு மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு வெளியானது. உடல்நிலை சீராகும் வரை காத்திருக்காமல் பிறந்த உடனேயே தொடங்கியபோது, 28 நாளுக்குள் இறப்பு 15.7 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைந்திருந்தது. பலன் இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிறகு, அது நல்லதா என்று மறுபடி ஆராய வேண்டாம். நம் தாய் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் குழந்தையைக் கட்டிவைத்திருக்கிறாள், எது அவளை எழுப்பிவிடுகிறது என்று பாருங்கள். சிசேரியன் தையல் வலியா, சாய்ந்து உட்கார நாற்காலி இல்லையா, கூச்சமா, பாத்ரூம் தூரமா? பாட்டி மாற்றிப் பிடித்தால் எத்தனை மணி நேரம் கூடுகிறது? ஒரு சாய்வு நாற்காலி எத்தனை மணி நேரத்தைக் கூட்டித் தருகிறது என்று எண்ணிக் காட்டினால், நாற்காலி வாங்கக் கையெழுத்துப் போட வேண்டியவர் போடுவார்.

ஆள் பற்றாக்குறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். லிண்டா எய்கன் என்ற நர்ஸ் 2002-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளின் அறுவை சிகிச்சை நோயாளிகளை ஆராய்ந்தார். ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடினால், 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்று கண்டார். 2014-இல் ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளிலும் அதே மாதிரி வந்தது. நாம் டீ குடிக்கும்போது புலம்புவதை அவர் எண்ணாக்கினார், அதனால் அது சட்டசபைகள் வரை போனது. எம்.எஸ்சி அளவில் இவ்வளவு பெரிதாகச் செய்ய முடியாது. ஆனால் ஒரு வார்டில் ஒரு மாதம், எந்த ஷிப்ட்டில் எந்த வேலை விட்டுப்போகிறது என்று பதியலாம். வாய் சுத்தம், திருப்பிப் படுக்கவைப்பது, நோயாளியோடு பேசுவது, டிஸ்சார்ஜ் விளக்கம், இந்த நான்கும்தான் முதலில் விடுபடும் என்பது என் அனுபவம். உங்கள் வார்டில் வேறாக இருக்கலாம்.

நர்சிங் கல்வியை ஆராய வேண்டுமென்றாலும் மார்க்கை விட்டுவிட்டுக் கையைப் பாருங்கள். 2021-இல் வந்த புதிய பி.எஸ்சி பாடத்திட்டத்தில் செமஸ்டர் முறையும், பொம்மையை வைத்துப் பழகும் சிமுலேஷனும் வந்துவிட்டன. லேபில் பொம்மைக்குச் சக்ஷன் போட்டு, அதாவது சளியை உறிஞ்சி எடுத்து, நன்றாகச் செய்த மாணவி, மூன்று மாதம் கழித்து வார்டில், அலாரம் அடிக்கும்போது, அட்டெண்டராகக் கூட இருக்கும் உறவினர் அழுதுகொண்டு நிற்கும்போது, அதைச் சரியாகச் செய்கிறாளா? அங்கே போய்ப் பார்த்து எழுதிய தீசிஸ் ரொம்பக் குறைவு.

எதிக்ஸ் கமிட்டி பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளைப் படித்திருப்பீர்கள். படிவம் தமிழில் இருக்கும், கையெழுத்தும் இருக்கும். ஆனால் உங்களிடம் ஊசி போட்டுக்கொள்ளப் போகும் நோயாளி உங்களிடம் 'முடியாது' என்று சொல்வாரா? "சிஸ்டர் சொன்னா சரிதான்" என்று கைநாட்டு வைப்பார். அது சம்மதம் ஆகாது. அதனால் அவரைப் பராமரிக்காத வேறு ஒருவரை வைத்துக் கேளுங்கள். சாயங்காலம் விசிட்டிங் நேரத்தில் வீட்டுக்காரர்களோடு பேசிவிட்டுக் காலையில் சொல்லட்டும் என்று ஒரு ராத்திரி அவகாசம் கொடுங்கள். வேண்டாம் என்று சொன்னவர்களின் எண்ணிக்கையையும் தீசிஸில் எழுதுங்கள். யாருமே மறுக்கவில்லை என்று எழுதியிருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். ஒரு பராமரிப்பு முறையை நோயாளிகளிடம் செய்து பார்க்கும் ஆய்வாக இருந்தால், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே, இந்தியாவில் நடக்கும் இத்தகைய ஆய்வுகளுக்கான பதிவேடான சி.டி.ஆர்.ஐ.-யில் பதிந்துவிடுங்கள். சேர்த்த பிறகு பதிய முடியாது.

புள்ளியியலுக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் டேட்டா எடுத்து முடித்த பிறகு ஸ்டாட்டிஸ்டிஷியனைத் தேடி ஓடாதீர்கள். எத்தனை பேர் வேண்டும் என்பதை ஆரம்பத்திலேயே அவரோடு உட்கார்ந்து கணக்கிடுங்கள். அறுபது என்பது வேதவாக்கு இல்லை. ஒரே வார்டில் பாதிப் பேருக்குப் புது முறை, பாதிப் பேருக்குப் பழைய முறை என்று வைத்தால், அடுத்த கட்டில்காரர் பார்த்து அதையே கேட்பார். அதற்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்பதையும் முன்பே யோசியுங்கள். உங்கள் யோசனையை ஏற்கெனவே யாராவது செய்திருக்கிறார்களா என்று எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் தேடுங்கள், பழைய தீசிஸ்கள் நிறைய இருக்கின்றன. அவற்றின் கடைசி அத்தியாயத்தில் 'பரிந்துரைகள்' என்று இருக்கும் பக்கத்தைக் கட்டாயம் படியுங்கள். யாரோ ஒருவர் செய்ய ஆசைப்பட்டு நேரமில்லாமல் விட்ட வேலை அங்கே இருக்கும்.

உங்கள் கைடு புதுத் தலைப்புக்குத் தயங்கலாம். ஆறு மாதத்தில் முடியுமா, வைவாவில் கேள்வி வருமா என்ற பயம் அவருக்கும் உண்டு. வெறும் யோசனையோடு போகாமல், ஒரு நோட்டோடு போங்கள். அடுத்த கிளினிக்கல் போஸ்டிங்கில் பதினான்கு நாள், ஒரு பக்கத்துக்கு ஒரு நாள். வார்டில் நீங்கள் கையால் செய்த வேலைகளில், ஏன் இப்படிச் செய்கிறோம் என்று பதில் தெரியாத ஒன்றை எழுதுங்கள். பக்கத்திலேயே அன்று அது எத்தனை பேருக்கு நடந்தது என்ற எண்ணை எழுதுங்கள். அந்த நோட்டை வைத்துக்கொண்டு பேசும் மாணவியை நான் ஒரு நாளும் திருப்பி அனுப்பியதில்லை.

அந்த டிக் விஷயத்தை ஒரு மாணவி பிற்பாடு தலைப்பாக எடுத்தார். டிக் போடும் கட்டத்தை எடுத்துவிட்டு, நோயாளி இப்போது எந்தப் பக்கம் படுத்திருக்கிறார் என்று 'இடது, வலது, மல்லாக்க' என எழுதும் கட்டம் வைத்தார். கட்டிலின் தலைமாட்டிலேயே ஒரு அட்டையும் தொங்கவிட்டார். அட்டையில் 'இடது' என்று இருந்து நோயாளி மல்லாக்கப் படுத்திருந்தால் யார் கடந்துபோனாலும் கண்ணில் படும். கூட இருக்கும் அட்டெண்டர்களுக்கும் அதைப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். முதல் வாரம் முடிவதற்குள், விடியற்காலை நாலு மணிக்கு ஒரு பெண் நர்ஸஸ் ஸ்டேஷனுக்கு வந்து, "சிஸ்டர், அட்டையில வலதுன்னு போட்டிருக்கு, எங்க அப்பா இன்னும் இடதுல படுத்திருக்கார், வாங்க ஒரு கை பிடிங்க" என்று எழுப்பினாராம்.